சுவரில் ஒட்டிய டேவிட் காசிடி: அந்தப் பையனுக்குக் கடைசியில் என்ன ஆச்சு?

மலர் டீச்சர், கொட்டகலை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973இல் எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரை பங்களாவில் அப்பு, அதாவது சமைத்துப் பரிமாறுகிறவர். துரையின் மகள் இங்கிலாந்தில் போர்டிங்கில் படித்தாள். லீவுக்கு வரும்போது கட்டுக்கட்டாகப் பத்திரிகை கொண்டுவருவாள், திரும்பும்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவாள். அதிலிருந்து ஒரு நடுப்பக்கப் படத்தை அப்பா எனக்கென்று மடித்து எடுத்துவந்தார். தோளைத் தொடும் முடி, வெள்ளைச் சட்டை, சிரிப்பு. ஸ்டேப்பிள் கம்பி இருந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்று சரியாகத் தொண்டைக்குழியில். கீழே டேவிட் காசிடி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்தக் காலத்து அமெரிக்க டிவி நடிகர், பாட்டுக்காரர்.

அதை லயத்துச் சுவரில் ஒட்டுவதற்காக ஒரு கரண்டி கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அந்த வருஷம் தோட்டத்தில் மாவு என்ன பாடுபட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். மரவள்ளிக்கிழங்கும் காட்டுக்கீரையும் அவித்துத் தின்ற காலம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்த அம்மா, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதை விரலால் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டுத் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்தார். எனக்கு அடி விழுந்தது அதற்கப்புறம்தான்.

அந்தப் பையன் நடித்த நாடகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இலங்கைக்கு டிவி வந்ததே 1979இல். பங்களா ரேடியோவில் ஆங்கில சேவை பாடும்போது குசினி வாசலில் நின்று கேட்டதுதான் எனக்குத் தெரிந்த டேவிட் காசிடி. 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, துரை போய்விட்டார். படம் விறகுப் புகையில் மங்கி மங்கி, ஒரு வெள்ளையடிப்பில் சுண்ணாம்புக்குள் போய்விட்டது.

போன மாதம் பேத்தி போனில் தேடித் தந்தாள். 2017இல் இறந்துவிட்டாராம். குடியாம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாவதற்கு முன் தனக்கு மறதி நோய் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், அது உண்மையில்லையாம். அதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் கதையை ஒழுங்காகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரவி, பதுளை

டீச்சர், மரியாதையோடுதான் கேட்கிறேன். நமக்கு அழ எத்தனையோ பேர் இங்கேயே இருக்கிறார்கள். காசு, பேர், கார், பங்களா எல்லாம் இருந்த ஒரு அமெரிக்கக்காரர் குடித்துச் செத்தார் என்பதற்கு நாம் ஏன் மனதைப் போட்டு உடைக்க வேண்டும்? ஊற்றினது அவர் கை, குடித்தது அவர் வாய்.


நிஷா, நானுஓயா

இவர் முப்பது வயதில் போதையால் இறந்தவர்தானே? அண்ணன்மார் எல்லாம் பெரிய பாட்டுக்காரர்கள்?


பழைய ரேடியோ, ஹட்டன்

நிஷா, நீங்கள் சொல்வது ஆண்டி கிப். அவர் வேறு ஆள். முதல் மூன்று பாட்டும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்து, கொக்கெய்னில் சிக்கி, 1988 மார்ச்சில், முப்பதாவது பிறந்தநாள் முடிந்து ஐந்தாம் நாள் இதயத்தசை அழற்சியால் இறந்தார். இப்படி ஒருவரோடு ஒருவரைக் குழப்பிக்கொள்கிற அளவுக்கு இந்தக் கதைகள் நிறைய இருக்கின்றன.

டேவிட் காசிடி பிறந்தது 1950 ஏப்ரல் 12, நியூயோர்க்கில். அப்பா ஜாக் காசிடி, அம்மா ஈவ்லின் வார்ட், இரண்டு பேரும் மேடை நடிகர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போனதால் பிள்ளை நியூ ஜெர்சியில் அம்மாவின் தாய் தகப்பனிடம் வளர்ந்தது. பெற்றோர் விவாகரத்தாகி இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெருவில் கூட விளையாடின பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. டீச்சர், நீங்கள் பொய்யைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வீட்டில் மறைக்கிற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

1956இல் அப்பா ஷெர்லி ஜோன்ஸ் என்ற நடிகையைக் கட்டினார். பதினான்கு வருஷம் கழித்து, 1970 செப்டம்பர் 25இல், ஏபிசி தொலைக்காட்சியில் தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி தொடங்கியது. ஒரு தாயும் பிள்ளைகளும் சேர்ந்து பாட்டுக்குழு நடத்தி, வர்ணம் பூசிய பஸ்ஸில் ஊர் சுற்றும் கதை. தாயாக நடித்தவர் அதே ஷெர்லி ஜோன்ஸ், மூத்த மகன் கீத்தாக டேவிட். நிஜத்தில் சிற்றன்னை, திரையில் பெற்ற தாய்.

முதலில் டேவிட்டுக்கு வாயசைக்கிற வேலைதான் வைத்திருந்தார்கள். தன்னால் பாட முடியும் என்று இசைத் தயாரிப்பாளரிடம் நிரூபித்துத்தான் அவர் குரல் உள்ளே வந்தது. ரெக்கோர்டில் அந்தக் குடும்பத்தில் உண்மையாகப் பாடியது அவரும் ஷெர்லி ஜோன்ஸும் மட்டும். வாசித்ததெல்லாம் லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களின் கூலி வாத்தியக்காரர்கள், உலகத்தில் அன்று அவர்களை மிஞ்ச ஆளில்லை. முதல் பாட்டு அந்த நவம்பரிலேயே அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. லட்சக்கணக்கில் விற்றது.

அப்போது அவருக்குக் கிடைத்த சம்பளம் வாரத்துக்கு 600 டொலர். இருபது வயதுப் பையனுக்கு அது பெரிய காசு என்று நினைக்கலாம். ஆனால் அவர் முகம் சாப்பாட்டுப் பெட்டியிலும் சூயிங்கம் அட்டையிலும் ஏறி விற்ற காசுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. நல்லவேளையாக அவருடைய மேனேஜர் ரூத் ஆரன்ஸ் கெட்டிக்காரி (இளமையில் மேசைப்பந்தில் உலக சாம்பியனாக இருந்தவர்). 21 வயதாகும் முன் போட்ட கையெழுத்து என்பதைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தைத் திருத்தவைத்தார். அப்படியும் பொருட்கள் விற்ற காசில் தன் பங்கு வரவில்லை என்று 2011இல் சோனி நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் கழித்து!

கிழமை நாட்களில் படப்பிடிப்பு, ராத்திரியில் ரெக்கோர்டிங், சனி ஞாயிறில் கச்சேரி. ஆள் உள்ளுக்குள் விரும்பியது ஹென்ட்ரிக்ஸ், பி.பி. கிங் மாதிரி கிட்டார். பாடச் சொன்னது பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கான காதல் பாட்டு. 1972 மே மாதம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டையில் சட்டையில்லாமல் வந்தாரே, கீத் என்கிற பையனைத் தன் தோளிலிருந்து இறக்கத்தான் அதைச் செய்தார் என்று நினைக்கிறேன். இறக்க முடியவில்லை.

மீதியை ராத்திரி எழுதுகிறேன், கடை திறக்க நேரமாகிவிட்டது.


சுபா, கண்டி

காசு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சார்லி சாப்ளினோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் இருந்தாரே, அவர் சம்பாதித்ததைத் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். 1938இல் வழக்குப் போட்டார். மில்லியன் கணக்கில் சம்பாதித்தவர் கைக்கு வந்தது 126,000 டொலர். அதனால்தான் 1939இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இப்போது அந்தச் சட்டப்படி பிள்ளை உழைப்பதில் 15 சதவீதத்தைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் டிவியில் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். யாருடைய பேரில் எந்தப் புத்தகத்தில் எவ்வளவு விழுகிறது என்று எந்தத் தாய் தகப்பனாவது கேட்டிருக்கிறார்களா? பிள்ளை டிவியில் வந்ததே போதும் என்று இருந்துவிடுகிறோம்.


பழைய ரேடியோ, ஹட்டன்

தொடர்ச்சி.

1974 மே 26, லண்டன் வைட் சிட்டி அரங்கு. ஊர்ப்பயணக் கச்சேரிகளை விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பாடிய கடைசிச் சுற்று. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மேடையைப் பார்த்து முன்னால் நெருக்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் காயப்பட்டார்கள். ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை நெரிசலில் மூச்சுத்திணறி நான்கு நாள் கழித்து இறந்தது. அந்தச் சாவு தன்னை விடவேயில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். அந்த வருஷத்தோடு தொடர் நாடகமும் நின்றது, மொத்தம் 96 பாகம். இருபத்து நான்கு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது.

1976 டிசம்பரில் அப்பா ஜாக் இறந்தார். சிகரெட் நெருப்போடு சோபாவில் தூங்கிப்போனதில் வீடு பற்றியது. அவரும் பெரிய குடிகாரர். மகனோடு மாதக்கணக்காகப் பேச்சில்லாமல் இருந்த நேரம்.

நடுவில் நல்ல காலமும் வந்தது, அதை விட்டுவிடக்கூடாது. 1978இல் ஒரு பொலிஸ் நாடகத்தில் நடித்ததற்கு எம்மி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். 1985இல் இங்கிலாந்தில் மறுபடி ஒரு பாட்டு முதல் பத்துக்குள் வந்தது, ஜோர்ஜ் மைக்கல் பின்குரல் கொடுத்தார். 1993இல் பிராட்வேயில் தம்பி ஷோனோடு மேடையேறினார், பிறகு லாஸ் வேகாஸ். வேலை தெரிந்த மனிதர். ஆனால் அறுபது வயதிலும் எந்த மேடையில் ஏறினாலும் சனம் கேட்டது 1970இன் அந்த ஒரு பாட்டைத்தான்.

குடிப்பழக்கம் இருக்கிறது என்று 2008இல் அவரே வாய்திறந்து சொன்னார். அப்புறம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்குக் கைது: 2010 புளோரிடா, 2013 நியூயோர்க், 2014 கலிபோர்னியா. 2014இல் மனைவி விவாகரத்துக் கேட்டார். 2015 பெப்ரவரியில் திவால் மனு, அந்த வருஷமே வீடு ஏலத்தில் போனது. 2017 பெப்ரவரியில் ஒரு கச்சேரியில் வரிகளை மறந்து தடுமாறினார், அந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. உடனே தனக்கு மறதி நோய் என்று அறிவித்தார். அம்மாவுக்கும் அந்த நோய் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நவம்பர் 21இல் புளோரிடா ஆஸ்பத்திரியில் ஈரல் செயலிழந்து இறந்தார். வயது 67. எவ்வளவு காலம் வீணாகப் போய்விட்டது என்பதுதான் அவருடைய கடைசிப் பேச்சு என்று மகள் எழுதினார்.

அடுத்த வருஷம் ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் அவரே போனில் பேசுகிறார். மறதி நோய்க்கு அறிகுறியே இல்லை, எல்லாம் குடியால் வந்தது, குடியைப் பற்றி நான் பொய் சொன்னேன் என்கிறார். அந்தப் படத்துக்காகக் கடைசியாக அவர் ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டிருந்தது எதை என்று கேட்டால், அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளை. அந்த அப்பாவுடைய பாட்டுகளை.


ரவி, பதுளை

அண்ணே, உங்கள் எழுத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆனாலும் என் மனம் இறங்க மாட்டேன் என்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பெக்டரியில் வேலை செய்தவர். சம்பளநாளில் நானும் தங்கச்சியும் லயத்துக்கு மேல் ரோட்டில் நிற்போம். அப்பா சாராயத் தவறணைப் பக்கம் திரும்பாமல் நேராக மேலே வருகிறாரா என்று பார்க்க. டோர்ச் வெளிச்சம் நேராக வந்தால் அன்றைக்குப் பாண், சீனி, சில நாளில் மீன் டின். வெளிச்சம் பள்ளத்துப் பக்கம் திரும்பினால் தங்கச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. என் அப்பாவை எந்த டிவிக்காரனும் சுரண்டவில்லை, எந்த அரங்கிலும் யாரும் அவருக்காகச் சாகவில்லை. அப்படியும் குடித்தார். அதனால், பேரும் புகழும் வந்ததால்தான் குடித்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. குடிக்கிற எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைக் கேட்டுக் கேட்டே என் அம்மா கிழவியாகிவிட்டார்.


தலவாக்கலை நேர்ஸ்

ரவி தம்பி, தங்கச்சி படுக்கப் போன இடத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன். உங்கள் கோபம் சரி. அதை யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் இருபத்து இரண்டு வருஷம் வேலை செய்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவர் சொன்ன பொய்யைப் பற்றி. நோயின் பேர்தான் பொய், மறந்தது பொய்யில்லை. அதிகமாகக் குடிக்கிற உடம்பில் தயமின் என்கிற விட்டமின் பி1 குறைந்துபோகும். சாப்பாடும் சரியாக உள்ளே போகாது, போனதும் குடலில் ஒட்டாது. மூளைக்கு அது இல்லாமல் முடியாது. நடை தள்ளாடும், கண் அலையும், நேற்று நடந்தது நிற்காது. இல்லாததை இருந்ததாகச் சொல்வார்கள், பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அதோடு ஈரல் பழுதானால் ரத்தத்தில் கழிவு தங்கி மூளையைக் குழப்பும், பகலில் தூங்கி ராத்திரி முழித்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் அறளை பேர்ந்த மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், தயமின்னை நேரத்தோடு ஊசியாகக் கொடுத்தால் இதில் நிறையத் தடுக்கலாம். ஆனால் குடிக்கிறேன் என்று வாயைத் திறந்து சொன்னால்தானே டொக்டர் ஊசி எழுதுவார்? வார்டில் "இவர் தொடவே மாட்டார்" என்று சத்தியம் பண்ணுகிற மனைவிமாரைத் தினமும் பார்க்கிறேன். வெட்கம். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் மருந்து தள்ளிப்போகிறது.

இரண்டாவது, இதைத் தயவுசெய்து எல்லோரும் நினைவில் வையுங்கள். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரை "இன்றோடு நிறுத்து" என்று காம்பராவில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவது எல்லாம் வரும். உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்த வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926க்கு அடியுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம், தமிழில் பேசலாம்.


மஸ்கெலியா மாமா

நான் இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அக்கா மகன் சில வருஷத்துக்கு முன் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்தவன். எந்த டிவி, எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். அப்போது அவனுக்குப் பதினாறு. தோட்டத்தில் நாள் சம்பளம் அப்போதுதான் 1,000 ரூபாவானது. அந்தக் காசில் ரீலோட் போட்டு, தோட்டம் முழுக்க எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எத்தனை கிலோ என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பினாய் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசி நாள் கோயிலில் ப்ரொஜெக்டர் கட்டிப் பார்த்தோம். அவன் வெல்லவில்லை, ஆனால் ஹட்டனிலிருந்து ஊர்வலமாகத்தான் கொண்டுவந்தோம். இளைஞர் கழகம் பத்தடி பேனர் அடித்து ரோட்டு வளைவில் கட்டியது.

ஒரு வருஷம் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கூப்பிட்டார்கள். காசு கொடுத்தவர்கள் குறைவு, மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் போத்தல் திறந்தவர்கள் அதிகம். அடுத்த சீசனுக்கு வேறு பையன் வந்தான். இவன் ஏ.எல். எழுதவில்லை. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். கடைக்கு வருகிறவர்கள் "நீ அந்தப் பாட்டுக்காரப் பையன்தானே, ரெண்டு வரி பாடு" என்பார்களாம். சாரத்தை மடித்துக்கொண்டே பாட வேண்டும், முதலாளி பார்த்துக்கொண்டு நிற்பார். ஹட்டன் அண்ணன், அறுபது வயதிலும் அதே பாட்டைக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவனுக்கு வயது இருபதுதான்.

தீபாவளிக்கு வந்தான். மூன்று நாளும் வீட்டு முன் இஸ்தோப்பில்தான் இருந்தான், காலையிலேயே சாராய வாசம். கோயிலில் பாடச் சொன்னதற்குத் தொண்டையில் இன்பெக்ஷன் என்றான். அக்காவும் அதையே எல்லோரிடமும் சொன்னது. நானும் சொன்னேன். டீச்சர் எழுதின முதல் பதிவை வாசிக்கும்வரை அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பத்தடி பேனர் இப்போது அக்கா வீட்டு விறகின் மேல் மழைக்குப் போட்டிருக்கிறது. முகத்தில் பாதி பாசி.


நிஷா, நானுஓயா

மாமா, அவரைத் தனியாக விடாதீர்கள். வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.


பழைய ரேடியோ, ஹட்டன்

ரவி, நீ சொன்னதற்கு நேற்றே பதில் எழுதி அழித்துவிட்டேன். உன் அப்பா விஷயத்தில் நான் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று. காசிடிக்குக் கேட்டி என்று ஒரு மகள், அவரும் உன்னைப் போலத்தான், அப்பாவிடம் கோபம் இருந்த பிள்ளை. அவர் வளர்த்த பிள்ளையும் இல்லை. காசிடி தன் உயிலில் மகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை, அப்பா ஜாக் தன்னை எப்படி விட்டாரோ அப்படி. அந்த மகள்தான் கடைசி நாளில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். மன்னித்தாரா என்று யாருக்குத் தெரியும். நின்றார்.


ரவி, பதுளை

என் அப்பா செத்த அன்று நான் டுபாயில் இருந்தேன் அண்ணே. டிக்கட் எடுக்கக் காசு இருந்தது. எடுக்கவில்லை.

மஸ்கெலியா மாமா, அந்தத் தம்பியிடம் என் நம்பரைக் கொடுக்கலாம், தனியாக அனுப்புகிறேன். கொழும்பில் கடைச் சிப்பந்தி வாழ்க்கை எனக்குத் தெரியும், நானும் நான்கு வருஷம் நின்றவன். கடைக்கு மேலேயே பத்துப் பேர் ஒரு அறையில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போக இடமில்லாமல் இருக்கும்போதுதான் போத்தல் வரும்.


மலர் டீச்சர், கொட்டகலை

ஏன் தூங்கவில்லை என்று பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன்.

அந்தப் படத்தைக் கொண்டுவந்து தந்த என் அப்பாவும் குடித்தார். பங்களா விருந்து முடிந்து கண்ணாடிக் கிளாஸ்களில் மிஞ்சுவதில்தான் தொடங்கியது. துரை போன பிறகு புது மெனேஜர் அப்பு வேண்டாம் என்றார், அப்பா மலைக்கு வேலைக்குப் போனார். முள்ளுக்குத்தும் மண்வெட்டியும் ஏந்தத் தெரியாத கை அது, சூப் பரிமாறத் தெரிந்த கை. ஆட்கள் "அப்பு, அப்பு" என்று கேலி பண்ணினார்கள். அதற்கப்புறம் மிச்சம் குடிப்பது போய் வாங்கிக் குடித்தார், வாங்க முடியாதபோது கசிப்பு என்கிற கள்ளச்சாராயம்.

1988இல் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அப்போது டீச்சர். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், அப்பா குடிப்பாரா என்று. சபையில் நாலு பேருக்குத் தெரிந்த டீச்சருடைய அப்பா. நான் சொன்னேன், "இல்லை சேர், சீனி வருத்தம் மட்டும்தான்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அப்பா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்து, "நல்லது சொன்னே பிள்ளை" என்றார். ஐந்தாம் நாள் போய்விட்டார். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது சீனி.

நேர்ஸ் எழுதின அந்த ஊசியைப் பற்றி வாசித்ததிலிருந்து எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது. அது கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க மாட்டேன், ஈரல் முற்றியிருந்தது எனக்கே தெரியும். ஆனால் கேட்டவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. காசிடியாவது தன் வாயால் சொன்ன பொய்யைத் தன் வாயாலேயே எடுத்துவிட்டுப் போனார், சாவதற்குக் கொஞ்சம் முன், போனில். அவ்வளவு குடித்து அவ்வளவு தோற்ற மனிதருக்கு அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும். அப்பாவுக்கு நான் அந்த இடத்தையே கொடுக்கவில்லை.

மஸ்கெலியா தம்பி, நீங்கள் உங்கள் அக்காவிடம் போங்கள். பையனைத் திட்ட வேண்டாம், பேனரைக் காட்டி அழ வேண்டாம். தொண்டையில் ஒன்றுமில்லை என்று எங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று நேர்ஸ் சொல்வார்.


தலவாக்கலை நேர்ஸ்

டீச்சர், உங்களைப் போல ஆயிரம் பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். அந்த டொக்டருக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் உங்களைத் தின்னாதீர்கள்.

மாமா, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. முதல் தடவை கட்டாயம் கூடப் போங்கள். எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்று கேட்பார்கள். குறைத்துச் சொல்ல வேண்டாம். இருபது வயது ஈரல், நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும்.


மஸ்கெலியா மாமா

பொங்கலுக்கு வந்திருக்கிறான். நேற்று ராத்திரி அக்காவிடம் முதலில் பேசினேன். அக்கா ஒரு மணி நேரம் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது.

அவனிடம் டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்று எங்களுக்குத் தெரியுமடா. அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாளா தெரியும் மாமா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். ரவி தம்பியின் நம்பரைக் கொடுத்தேன், இன்றைக்குக் காலை இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை கிளினிக். ஐந்தரை பஸ்ஸில் நானும் அவனும் போகிறோம். விறகின் மேல் கிடக்கிற பேனரை எடுத்து எரித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் மாமா, விறகு நனைஞ்சிடும், இருக்கட்டும் என்றான்.